கண் கொடுப்பவர் யார்?

சமயபுரத்துக் கடைவீதியில் நடந்தவர்கள் கண்டிருப்பர். தேங்காய்க்கும் பூமாலைக்கும் வேப்பிலைக்கும் நடுவே, தகட்டில் அடித்த கைகளும் கால்களும் கண்களும் விலைக்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த வெள்ளிக் கண்ணுக்குக் கண்மலர் என்று பெயர். பெற்ற மகவின் கண்ணில் பூ விழுந்துவிட்டது, பார்வை மங்குகிறது, என்ன செய்வாள் ஏழைத் தாய்? கூலிக் காசில் மிச்சம் பிடித்துக் கண்மலர் வாங்குகிறாள், கண்ணீரோடு உண்டியலில் இடுகிறாள், திரும்புகிறாள். உண்டியல் நிறைகிறது. பிள்ளையின் கண்ணில் விழுந்த பூ மட்டும் விழுந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தத் தாயை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவளிடம் இருப்பது அன்பு, இல்லாதது வழி. வழி காட்ட வேண்டியவர்கள் அவளுக்கு என்ன காட்டினர் என்பதே என் கேள்வி. “முற்பிறப்பில் இவன் யாருடைய கண்ணையோ கெடுத்திருக்கிறான், இப்பிறப்பில் அனுபவிக்கிறான்” என்று காட்டினர். ஆறு வயதுச் சிறுவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அவன் அறியாத குற்றத்துக்கு, அவன் காணாத நீதிபதி, அவன் கேளாத தீர்ப்பை வழங்கிவிட்டதாகச் சொல்வதற்குத் தத்துவம் என்று பெயரும் வைத்தனர். நோயின் வேதனை போதாதென்று பழியின் வேதனையையும் அந்தக் குடிசையில் இறக்கி வைத்துவிட்டு வந்த பெரியோர் இவர்கள்!

கண்ணில் பூ விழுதல் என்று நாட்டுப்புறத்தார் சொல்வது எது? கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேல் பதித்த கண்ணாடி போல, ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மருத்துவ நூலார் அதனைக் கார்னியா என்பர். தமிழில் கருவிழிப் படலம் என்று வழங்குகிறோம். பெயர்தான் கருவிழியே தவிர, அதில் கருமை துளியும் இல்லை. பின்னால் உள்ள பாவையின் கருமை அதன் வழியே தெரிகிறது. அரை மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் தடிப்பு. பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட அகலம். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தச் சிறு படலமே செய்கிறது. அதில் குருதிக் குழாய்கள் இல்லை. கண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் உயிர்வளியைப் பெற்று உயிர் வாழ்கிறது. கொலாஜன் எனும் புரத இழைகள், நெசவாளி பாவு விரித்தாற்போல் ஒழுங்காக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி தடையின்றிச் செல்கிறது. அடிப்புறத்தில் ஒரே வரிசையாக அமைந்த உயிரணுக்கள், படலத்துக்குள் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றுகின்றன. இறைப்பு நின்றால் படலம் உப்பும்; இழைகளின் ஒழுங்கு குலைந்தால் தழும்பு ஏறும்; தெளிந்த சாளரம் சுண்ணாம்படித்த சுவராகும்.

யாருடைய சாளரம் பெரும்பாலும் இப்படி மூடப்படுகிறது? கதிர் அறுக்கையில் நெல்லின் சுணை கண்ணில் குத்துகிறதே, அந்த உழவனுடையது. சுண்ணாம்பு குழைக்கையில் தெறித்துவிடுகிறதே, அந்தக் கொத்தனுடையது. தாத்தாவின் வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அமுக்கி விளையாடிய குழந்தையுடையது. உயிர்ச்சத்து ஏ குறைந்த உணவையே உண்டு வளர்ந்த ஏழைப் பிள்ளையுடையது. மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் பற்றி எடுத்த கணக்கொன்று 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று: ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்குப் புண். மருத்துவர்களைக் கேட்டுப் பாருங்கள்; வயலில் பட்ட சிறு காயமும், அதில் புகுந்த பூஞ்சையும், அதன்மேல் பிழிந்த பச்சிலைச் சாறும் சேர்ந்து கண்ணைக் கொண்டுபோன கதைகளை அடுக்கடுக்காகச் சொல்வர். ஊழ்வினைக்கு ஏர் பிடிப்பவன்மீது மட்டும் ஏன் இத்தனை வன்மம்? குளிர்ந்த அறையில் அமர்ந்து வட்டிக் கணக்கு எழுதுவோரின் முற்பிறப்பெல்லாம் அவ்வளவு தூயதாகவா இருந்தது?

1905ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 7ஆம் நாள். இன்று செக் நாட்டில் உள்ள ஓலோமோத்ஸ் நகரம். இரு கண்களும் சுண்ணாம்பால் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளியை எட்வர்டு சிர்ம் எனும் மருத்துவர் படுக்க வைத்தார். விபத்தொன்றில் அடிபட்டுப் பயனற்றுப்போன கண்ணை எடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் கருவிழிப் படலத்தைக் கொண்டு தொழிலாளியின் கண்களில் ஒட்டு வைத்தார். ஒரு கண்ணில் வைத்தது கெட்டது. மற்றொன்றில் வைத்தது நிலைத்தது. அந்தத் தொழிலாளி மீண்டும் வேலைக்குச் சென்றான்.

வைதிகத் தோழரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். திசம்பர் 6ஆம் நாள் வரை சுண்ணாம்பால் கண் வெந்தவன் எவனுக்கும் விமோசனம் இல்லை. 7ஆம் நாள் முதல் உண்டு. ஒரே இரவில் உலகத்துச் சுண்ணாம்புக் குருடர் அனைவருடைய ஊழும் மாற்றி எழுதப்பட்டதா? “குருடாவதும் விதி, மருத்துவரால் குணமாவதும் விதி” என்று விடை வரும், கேட்டிருக்கிறேன். கண் போனாலும் விதி, வந்தாலும் விதி, செத்தாலும் விதி, பிழைத்தாலும் விதி என்றால், அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை. நடந்ததற்கெல்லாம் பின்னாலிருந்து தலையாட்டுகிறது, அவ்வளவே. அதற்கும் மேலாக ஒன்று. குருட்டுத்தன்மை உண்மையிலேயே இறைவன் விதித்த தண்டனையாயின், அதை நீக்கும் மருத்துவன் சிறைக் கதவை உடைத்துக் கைதியை விடுவிக்கும் குற்றவாளி ஆகிறான். அந்தக் குற்றவாளியின் வாயிலில், தம் வீட்டுப் பிள்ளைக்கு நோய் வந்தால் முதலில் வந்து நிற்பவர் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்து இருப்பவர் கண்ணுக்கு வைக்கும் முறை, ஒடெசா நகரத்து பிலாத்தவ் 1930களில் செய்து காட்டியதிலிருந்து உலகெங்கும் பரவிற்று. நம் சென்னையும் பின்தங்கவில்லை. 1819இல் தொடங்கிய எழும்பூர்க் கண் மருத்துவமனையில், 1945ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் முதல் கண் வங்கி அமைந்தது. ஆயினும் கொடுப்போர் குறைவு, கேட்போர் மிகுதி. 2012–13ஆம் ஆண்டுகளில் உலகளவில் எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, கருவிழிக்காகக் காத்திருந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் பேர். தேவைப்பட்ட 70 பேரில் ஒருவருக்கே படலம் கிடைத்தது.

அறுபத்தொன்பது பேரை என்ன செய்வது? இந்தக் கேள்விதான் அறிஞர்களைச் செயற்கைக் கருவிழியின்பால் செலுத்திற்று. எண்ணம் பழையது. பாஸ்டில் சிறை தகர்ந்த அதே 1789இல், பெல்லியே தெ கெங்சி எனும் பிரெஞ்சு மருத்துவர், கெட்டுப்போன படலத்தின் இடத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொருத்தலாமே என்று எழுதி வைத்தார். பிற்பாடு முயன்றவர்கள் கண்ணாடியையும் படிகத்தையும் வைத்துப் பார்த்தனர். கண் ஏற்கவில்லை. புண்ணாக்கிற்று, சீழ் பிடிக்க வைத்தது, வெளியே தள்ளிற்று. உடல், தனக்கு உறவில்லாததை வீட்டில் தங்க விடுவதில்லை.

அப்படியானால் உடல் எதை உறவு என்று ஏற்கிறது? விடை ஒரு போரில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு விழுந்த விமானிகள் சிலரின் கண்களில், விமானத்தின் மேல்மூடிச் சில்லுகள் புகுந்திருந்தன. வேறு பொருளாயின் கண் அழுகியிருக்கும். இந்தப் பிளாஸ்டிக்குச் சில்லோ ஆண்டுக்கணக்கில் வாளா கிடந்தது. கண்டு நின்றார் ஹரால்டு ரிட்லி எனும் இங்கிலாந்து மருத்துவர். 1949இல், இலண்டன் நகரில், அதே பொருளில் வில்லை செய்து கண்புரை நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். மனிதனை மனிதன் சுட்டு வீழ்த்திய வானத்திலிருந்து மனிதனுக்கு மனிதன் பார்வை தரும் பொருள் கிடைத்தது. மூத்த மருத்துவர்கள் அவரைப் பல ஆண்டுகள் எள்ளினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழமைப் பிடிவாதம் கோவில் மண்டபத்தில் மட்டும் குடியிருப்பதில்லை.

பிராகு நகரத்து விக்டர்லேயும் லீமும் நீரை உறிஞ்சி மென்மையாகும் பிளாஸ்டிக்கு ஒன்றைக் கண்டு 1960இல் உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டுக் கிறித்துமசு நாளில், வீட்டுச் சமையலறையில், பிள்ளைகள் விளையாடும் பொறித் துண்டுகளைக் கோத்து ஓர் இயந்திரம் செய்து, விக்டர்லே கண்ணில் அணியும் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். அவ்வகைப் பொருளாலேயே பின்னாளில் ஆத்திரேலியாவில் ஒரு செயற்கைக் கருவிழி உருவாயிற்று. 1963இல் உரோமாபுரி மருத்துவர் ஸ்திராம்பெல்லி செய்தது இன்னும் வியப்பானது. கண்ணிழந்தவனின் கோரைப் பல்லையே எலும்போடு எடுத்து, இழைத்து, துளையிட்டு, துளையில் ஒளி செல்லும் பிளாஸ்டிக்குக் குழலைப் பொருத்தி, அதைக் கண்ணில் பதித்தார். பல், அவனுடைய பல். ஆகவே கண் அதைத் தள்ளவில்லை. வேறு எவ்வழியும் இல்லாதோர்க்கு இம்முறை சென்னையிலும் செய்யப்பட்டிருக்கிறது. ஈரமற்று வறண்டு, தோல்போல் தடித்துப்போன கண்ணுக்குள், பல்லின் நடுவே திறந்த துளை வழியாக ஒருவன் தன் மகளின் முகத்தைக் காண்கிறான். எந்தப் புராணம் இதைவிடப் பெரிய அதிசயத்தைச் சொல்லிற்று?

ஆயினும் பிளாஸ்டிக்கு பிளாஸ்டிக்குதான். உயிருள்ள திசு அதனோடு முழுதும் கலப்பதில்லை. ஓரத்தில் கிருமி நுழையலாம். பொருத்தியவர் வாழ்நாள் முழுதும் சொட்டு மருந்தும் மருத்துவர் மேற்பார்வையுமாக இருக்க வேண்டும். ஆகவே அறிஞர்கள் வேறு வழியில் எண்ணலாயினர். கருவிழிப் படலம் எதனால் ஆனதோ, அதே கொலாஜனால் ஒரு படலத்தை வார்த்து வைத்தால் என்ன? வைப்பது ஒரு சாரம். அதன்மேல் கண்ணே தன் அணுக்களை ஏற்றித் தன் நரம்புகளைப் படரவிட்டுத் தனக்குரியதாக்கிக் கொள்ளட்டும்! கொடிக்குப் பந்தல் இடுவது போன்ற வேலை. மே கிரிபித்து அம்மையாரும் பெர் பாகர்ஹோல்மும் மனிதக் கொலாஜனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, சுவீடன் நாட்டில் 10 பேருக்குப் பொருத்தினர். இரண்டாண்டு கழித்து, 2010இல், விளைவு வெளியாயிற்று. அவர்களுடைய அணுக்கள் அதில் குடியேறியிருந்தன. நரம்பு வளர்ந்திருந்தது. கண்ணீர் சுரந்தது.

அடுத்து வந்ததுதான் நம் நாட்டுக்கு அருகில் வந்தது. பன்றித் தோலிலிருந்து கொலாஜனைப் பிரித்துத் தூய்மை செய்து, சுவீடன் நாட்டு லின்செப்பிங் பல்கலைக்கழகத்தார் ஒரு படலம் செய்தனர். கருவிழி மெலிந்து கூம்பிப்போகும் நோயால் வாடிய 20 பேருக்கு, இந்தியாவிலும் ஈரானிலும், அது பொருத்தப்பட்டது. 20 பேரில் 14 பேர் அதற்குமுன் பார்வையற்றோர் கணக்கில் இருந்தவர்கள். இரண்டாண்டு கழித்து, 2022இல் வெளியான முடிவில், அக்கணக்கில் ஒருவரும் இல்லை. இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த படலத்தை இரண்டு வாரங்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். இதையோ இரண்டாண்டு வரை சேமித்து வைக்கலாம் என்கின்றனர்.

பன்றித் தோல், பொருத்திய இடம் ஈரானும் இந்தியாவும். இதை எண்ணி எண்ணி நான் மகிழ்கிறேன். எந்த மதத்தாரையும் புண்படுத்துவது என் நோக்கமன்று. எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது, யார் தொட்டதை உண்ணலாம், யார் நிழல் படலாகாது என்று ஆயிரம் ஆண்டுகளாக ஏடு ஏடாக எழுதினார்களே, அந்த ஏட்டைக் கண் படித்ததே இல்லை என்பதுதான் மகிழ்ச்சி. கண்ணின் திசு கேட்பது ஒன்றே ஒன்று: “உன் இழையின் அமைப்பு என் இழையோடு ஒத்துவருமா?” ஒத்துவந்தால் உள்ளே விடுகிறது. குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. அக்கிரகாரத்து முதியவர் கண் சேரிச் சிறுவனுக்கும், சேரி முதியவர் கண் அக்கிரகாரச் சிறுவனுக்கும் பொருந்துவதை எழும்பூரில் எத்தனையோ முறை கண்டிருப்பர். உடலுக்குத் தெரிந்த சமத்துவம் ஊருக்கு இன்னும் தெரியவில்லை.

இதுவரை படித்தவர், “விஞ்ஞானம் வென்றுவிட்டது, இனி நமக்கென்ன வேலை?” என்று எண்ணக்கூடும். அந்த எண்ணத்தைப் பற்றி எழுதவே நான் இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

அண்மையில் நண்பர் ஒருவர் வீட்டில் சாவு. தந்தையார்; எண்பதைக் கடந்தவர். அவர் கண்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேரப் பிள்ளைகள் விரும்பினர். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். உறவில் மூத்த ஒருவர் குறுக்கே நின்றார். மறுபிறப்பில் குருடாகப் பிறப்பார் என்ற பழைய பாட்டைப் பாடுவார் என எதிர்பார்த்தேன். அவர் படித்தவர், அதைப் பாடவில்லை. “கண்ணையே செயற்கையாகச் செய்கிறார்கள் என்று செய்தித்தாளில் வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் எல்லோருக்கும் கிடைத்துவிடும். கிழவரை ஏன் இப்போது கூறு போட வேண்டும்?” என்றார். பேச்சு நீண்டது. பொழுது போயிற்று. சங்கு ஊதிற்று. இருவருக்கு ஒளி தந்திருக்கக்கூடிய இரண்டு கண்கள் பாடையில் ஏறின.

எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லையே! செய்தித்தாளில் வருவது உண்மை. நானே மேலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆயின் உண்மையை வைத்தே கடமையைத் தட்டிக் கழிக்க முடிகிறதே, அது எப்படி?

எண்ணிப் பார்த்தேன். “விதிப்படி நடக்கும்” என்பவன் தன் கையை மடக்கிக்கொள்ள விதியைத் துணைக்கு அழைக்கிறான். “விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும்” என்பவன் அதே கையை மடக்கிக்கொள்ள விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறான். கை மடங்கியிருப்பது இருவரிடமும் ஒன்றே. நம் பகுத்தறிவாளர் சிலரிடமும் இந்த நோய் ஒட்டியிருக்கக் காண்கிறேன். கூட்டத்தில் விதியைக் கிழித்துவிட்டு, வீட்டில் சாவு நேர்கையில், “பெண்டுகள் ஒப்பவில்லை” என்று ஒதுங்கிக்கொள்வர். பெண்டுகளிடம் முன்பே பேசியதுண்டா என்று கேட்டால், வாய் திறக்கமாட்டார்.

மேலும், அவர் சொன்னது செய்தியளவிலும் அரைகுறையே. பன்றிக் கொலாஜன் படலம், அடிப்புற அணுவரிசை கெடாதிருந்த கூம்புவிழியாளர்க்கு வைத்துப் பார்க்கப்பட்டது. நீர் இறைக்கும் அணுக்கள் அழிந்துபோனவனுக்கு அது மட்டும் போதாது. போசுடன் நகரத்து தோல்மன் பல்லாண்டு உழைத்து ஆக்கி, அமெரிக்க அரசின் இசைவை 1992இல் பெற்ற புகழ்வாய்ந்த செயற்கைக் கருவிழி இருக்கிறதே, அதைச் சுற்றி என்ன வைத்துத் தைக்கிறார்கள் தெரியுமா? இறந்தவர் ஒருவர் கொடுத்த கருவிழிப் படலத்தை! செயற்கைக் கண்ணும் ஈகையாளன் ஒருவனின் தோளில்தான் நிற்கிறது.

விலை என்று ஒன்றும் இருக்கிறது. கதிரறுப்பில் கண்ணிழந்தவள், ஆயுள் முழுதும் மாதந்தோறும் சொட்டு மருந்து வாங்கி, நகரத்துக்குப் பேருந்தேறிச் சென்று காட்டி வர, யார் கூலி கொடுப்பார்? காப்புரிமைக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்த படலம், நெற்கழனிக்கு எப்போது வரும்? அரசு மருத்துவமனையில், காசில்லாமல், வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கும் நாளில் நானும் வெற்றி முரசு கொட்டுவேன். அதுவரை, இறந்தவர் கொடுப்பதே ஏழைக்கு எட்டும் கண்.

நமக்குக் கொடுக்கும் மரபு இல்லை என்பாரையும் மறுக்கிறேன். காளத்தி மலை வேடன் திண்ணனின் கதை தெரியாதவர் யார்? குருதி வழியும் சிலையின் கண்ணைக் கண்டு பதறி, உடலின் குறையை உடலால்தான் தீர்க்க முடியும் என்று தேர்ந்து, தன் கண்ணை அகழ்ந்து அப்பினானாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடினார். (இதைக் கொண்டு, அந்நாளிலேயே நம்மவர் கண்மாற்று மருத்துவம் அறிந்திருந்தனர் என மேடையேறி முழங்கும் வீரர்களும் உளர். கல்லுக்கு வைத்த ஒட்டு, கண் மருத்துவக் கணக்கில் சேராது.) திண்ணனின் அன்பை நான் பழிக்கவில்லை. அந்தக் கண் சென்று சேர்ந்த இடத்தைத்தான் எண்ணி ஏங்குகிறேன். பக்கத்து ஊரில் பார்வையற்றவன் ஒருவனும் இல்லையா?

கடலுக்கு அப்பால் இலங்கையில் வேறொரு கதை வழங்குகிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியை நாம் அறிவோம். பௌத்தர்களின் சாதகக் கதையில் அச்சிபி மன்னன், கண்ணிழந்து வந்து இரந்த ஒருவனுக்குத் தன் இரு கண்களையும் ஈகிறான். அங்கே பெற்றவன் கல்லல்லன், கண்ணில்லாதவன். இரந்து வந்தவன் இந்திரனே என்று கதை முடிகிறது, அது கிடக்கட்டும். அட்சன் சில்வா எனும் மருத்துவர் கொடையெனும் அந்த மரபைப் பற்றிக்கொண்டு, 1961இல் கண்தானச் சங்கம் கண்டார். சின்னஞ்சிறு தீவு, தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக, பிற நாடுகளுக்குப் பல்லாயிரம் கருவிழிகளை விமானமேற்றி அனுப்பிற்று. பாக்கித்தானின் முசுலிம் கண்ணிலும் அத்தீவுப் பௌத்தரின் படலம் ஒளிர்கிறது. கதை இரண்டு இடத்திலும் உண்டு. ஓரிடத்தில் அது கொடையாயிற்று. மற்றோரிடத்தில் கோவில் சுவரில் சிற்பமாயிற்று.

அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள், என் மகனையும் மருமகளையும் அழைத்து உட்கார வைத்தேன். உறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் நான் இட்ட கையெழுத்து, நான் போனபின் எழுந்து நின்று வாதாடாது, நீங்கள்தான் வாதாட வேண்டும் என்றேன். கண் வங்கியின் தொலைபேசி எண்ணை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். செய்ய வேண்டியவற்றையும் சொன்னேன். இமைகளை மூடிவிட வேண்டும். மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலையணை வைத்துத் தலையைச் சற்றே உயர்த்த வேண்டும். கண் உலர்ந்துவிடாதிருக்க, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் துணைவியார், “விசிறியை நிறுத்திவிட்டால், வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்க்குமே?” என்றார்.

வியர்க்கட்டும் என்றேன்.